தட்டோரம் ஒதுக்கும் விருந்தாளி

"நான் எதுன்னாலும் சாப்பிடுவேன் சித்தி, எனக்காக மெனக்கெடாதீங்க" என்று போனில் சொல்லும் விருந்தாளியை நம்பி உலை வைக்காதீர்கள். வந்து உட்கார்ந்ததும் சாம்பாரில் கிடக்கும் சின்ன வெங்காயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டோரம் வரிசை கட்டுவது அவர்தான். கத்தரிக்காயைக் கண்டதும் "இன்னைக்கு ஏனோ பசியே இல்லை" என்பதும் அவர்தான். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. அடுத்த வீட்டில் போய் இது வேண்டும், அது ஆகாது என்று சொல்லக்கூடாது என்றுதானே பிள்ளைகளை வளர்க்கிறோம். ஆகவே உண்மை வெளிவர முதல் நாள் மதியச் சாப்பாடு வரை ஆகிறது. அதற்குள் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு இறக்கியாகிவிடும்.

ஒரு வேளை சாப்பிட்டுப் போகிறவர் என்றால் இதை எழுதவே வேண்டாம். தயிர்சாதமும் அப்பளமும் போதும். சிக்கல், தங்குகிறவரிடம். கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் நாத்தனார் மகன். வேலை கிடைத்து, ஹாஸ்டல் அமையும் வரை உங்கள் வீடுதான் என்று பெட்டியோடு வந்திறங்கிய அண்ணன் மகள். கண் ஆபரேஷன் முடிந்து மறு பரிசோதனை வரை இருக்கப்போகும் பெரியப்பா. இரண்டாம் நாள் ஆசையாக அவருக்கென்று ஒரு பொரியல் தனியாகச் செய்வீர்கள். நான்கு நாளில் அது தனிக் குழம்பாக வளரும். அதற்கடுத்த வாரம், நீங்களும் ஆபீசுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், அடுப்பில் இடம் போதாமல் பாத்திரங்களை 'ணங்'கென்று வைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்தச் சத்தம் விருந்தாளியின் காதிலும் விழும். பாவம், அதன்பிறகு அவர் சாப்பிடுவது இன்னும் குறையும்.

அதனால் தனிச் சமையல் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஒரே சமையல்; அதில் அவருடைய பங்கை எந்தக் கட்டத்தில் எடுத்து வைப்பது என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும். நம் சாப்பாடு இதற்குத் தோதானது. சாதம், பருப்பு, நெய், குழம்பு, ரசம், பொரியல், மோர் என்று எல்லாமே தனித்தனியாக வருகிறது. ஒன்றைத் தொடாவிட்டாலும் மற்றதை வைத்துக் கரையேறிவிடலாம். எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு இறக்கும் பிரிஞ்சியும் சாம்பார் சாதமும்தான் ஆகாது. நமக்கு அவசரத்துக்கு உதவுகிற பண்டம் அவருக்கு வலை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சாப்பாட்டைப் பார்த்தாலே அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

முதலில் கேட்கிற விதத்தை மாற்றுங்கள். "என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் பிரியாணி என்று பதில் வரும், அதை வைத்து ஒரு மாதம் ஓட்ட முடியாது. "நேத்து ராத்திரி வீட்டில் என்ன சாப்பிட்டே?" என்று கேளுங்கள். "ஹோட்டலுக்குப் போனால் வழக்கமாக என்ன சொல்லுவே?", "எந்த வாசனை வந்தா எழுந்து போயிடுவே?" என்று கேளுங்கள். இதைவிட நல்ல வழி, அவர் அம்மாவைப் போனில் கேட்பது. "அண்ணி, உங்களுக்கு முடியாத நாளில் இவளுக்கு என்னத்தைக் குடுத்து ஒப்பேத்துவீங்க?" என்று கேட்டால் அரை நிமிடத்தில் பட்டியல் வரும்: பொடி தோசை, உருளைக்கிழங்கு வறுவல், ரசம் சாதம், முட்டை வெள்ளைக்கரு மட்டும். அந்தப் பட்டியல்தான் உங்கள் அஸ்திவாரம். அதில் நான்கு பண்டம் இருந்தாலே ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம்.

அதே போனில் இன்னொன்றையும் கறாராகக் கேட்டுவிட வேண்டும்: ஒத்துக்கொள்ளாதது ஏதாவது உண்டா? பிடிக்காதது வேறு, ஆகாதது வேறு. வேர்க்கடலை சாப்பிட்டால் உதடு வீங்குகிறது, இறால் சாப்பிட்டால் தடித்துப்போகிறது, மூச்சு இழுக்கிறது என்றால் அது அலர்ஜி. அங்கே 'கொஞ்சூண்டு போட்டால் தெரியாது' என்ற பேச்சுக்கே இடமில்லை. வேர்க்கடலை என்றால் சட்னி மட்டும் கணக்கில்லை. கடலெண்ணெயை, புளியோதரைப் பொடியை, கடையில் வாங்கிய இட்லிப் பொடியை எல்லாம் பார்க்க வேண்டும். கோதுமை ஆகாதவர் வந்தால் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் மைதா கலந்திருக்கும். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்கிறவர்கள் பலர் தயிரைத் தாங்குவார்கள். புளிக்கும்போது பாலின் சர்க்கரை குறைந்துவிடுகிறது. அதற்காக நீங்களாகப் பரீட்சை செய்ய வேண்டாம், அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

விரதமும் அப்படியே. வெங்காயம் பூண்டு சேர்க்காதவர், புரட்டாசியில் கவிச்சி தொடாதவர், முட்டை பொரித்த வாணலியில் செய்த எதையும் சாப்பிடாதவர் ஆகியோரை நாக்கு நீண்டவர்கள் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஒரு வாணலி, ஒரு கரண்டியை அவருக்கென்று எடுத்து வைத்து, கண்ணில் படும்படி தனி ஆணியில் மாட்டிவிடுங்கள். 'சுத்தமாகக் கழுவிட்டேன்' என்று சத்தியம் செய்வதைவிட இது வேலை செய்யும்.

மிச்சமிருப்பவர்தான் நம் ஆள்: ஆகாதது எதுவும் கிடையாது, ஆனால் சாப்பிடமாட்டார். இவரைக் கவனித்துப் பார்த்தால், ஒதுக்குகிற பண்டங்களில் பாதிக்குமேல் ருசிக்காக ஒதுக்குவதில்லை என்று தெரியும். வெண்டைக்காய் வழவழவென்று இருக்கிறது. கத்தரிக்காய் கூழாகிறது, விதை பல்லில் நெறுக்கென்கிறது. தக்காளித் தோல் சுருண்டு நாக்கில் ஒட்டுகிறது. சேனை தொண்டையை நமநமக்க வைக்கிறது. தொட்டால் எப்படி இருக்கிறது, மென்றால் எப்படி இருக்கிறது என்பதுதான் வழக்கு. இதைக் கண்டுபிடித்துவிட்டால் காயை மாற்றவேண்டியதில்லை, பக்குவத்தை மாற்றினால் போதும்.

வெண்டைக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். நறுக்கியபின் கழுவினால் எல்லாம் போச்சு. முழுக் காயாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, விசிறிக்குக் கீழே சற்று நேரம் பரப்பிவிட வேண்டும். மெல்லிய வட்டமாக நறுக்காமல் விரற்கடை நீளத் துண்டாக நறுக்கினால் வெட்டுவாய் குறையும், கொழகொழப்பும் குறையும். வாய் அகன்ற இருப்புச் சட்டி, நன்றாகக் காய்ந்த எண்ணெய், மூடி கிடையாது. உப்பை முதலிலேயே போட்டால் காய் தண்ணீர் விட்டு நூல் நூலாக இழுக்கும், கடைசியில் போடுங்கள். பாதி வதங்கியதும் ஒரு கரண்டி கட்டிப் புளித்தண்ணீரோ புளித்த தயிரோ தெளித்தால் மிச்ச வழவழப்பும் அடங்கிவிடும். ஓரம் கருகத் தொடங்கும் வரை விட்டால் அது வேறு பண்டம். வெண்டைக்காய் மோர்க்குழம்பைப் பார்த்து முகம் சுளித்த பெண், இந்த வறுவலை அடுப்படியில் நின்று கையால் எடுத்துத் தின்றதைப் பார்த்திருக்கிறேன். குழம்பில் போட்டதை மட்டும் கடைசி வரை தொடவில்லை. தொடவேண்டாம், நமக்கென்ன.

கத்தரிக்காய்க்கு இரண்டே வழி. சுட்டுத் தோலுரித்து, விதை தெரியாமல் மசித்துத் துவையலாக்கலாம். வட்டமாகச் சீவி, அரிசிமாவு புரட்டி, கல்லில் மொறுமொறுவென்று எடுக்கலாம். இரண்டும் எடுபடாவிட்டால் விட்டுவிடுங்கள். சிலருக்குக் கத்தரிக்காய் நாக்கில் உண்மையிலேயே அரிக்கும். அது பாசாங்கு கிடையாது. தக்காளியைக் கொதிநீரில் போட்டெடுத்துத் தோலை உரித்துவிட்டு ரசம் வையுங்கள். கூடுதல் வேலை ஐந்து நிமிடம், டம்ளர் காலியாகிவிடும்.

ருசி விஷயத்திலும் எல்லோர் நாக்கும் ஒரே நாக்கு இல்லை. 1931ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு பொடியைக் கொட்டும்போது தூசி பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அது பிறவியிலேயே வரும் வித்தியாசம் என்று பிறகு தெரியவந்தது. அதற்குக் காரணமான மரபணுவை 2003ல் அடையாளம் கண்டார்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி வகைக் காய்களில் இருக்கும் கசப்பைச் சிலர் நாக்கு நம்மைவிடப் பலமடங்கு உணர்வது இதனால்தான். கொத்தமல்லித் தழையும் அப்படித்தான். சிலருக்கு அது சோப்பு வாடை அடிக்கிறது, அதற்கும் மரபணுவில் ஒரு காரணம் இருக்கிறது. இந்த மாதிரி ஆளிடம் "நல்லா இருக்கு, சாப்பிட்டுப் பாரு" என்பது வீண். அவர் வாயில் நடப்பது உங்கள் வாயில் நடக்கவில்லை. செய்யக்கூடியது: கோஸை மூடிபோட்டு நெடுநேரம் வேகவிடாதீர்கள், வேக வேக வாடை ஏறும். அகல வாணலியில் சட்டென்று வதக்கி, தேங்காய்ப்பூ தூவி இறக்குங்கள். கொத்தமல்லியை ரசத்தில் தூவாமல் கிண்ணத்தில் மேசைமேல் வையுங்கள், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும்.

இனி, பங்கை எடுத்து வைக்கிற இடம். சாம்பார் வைக்கிறீர்கள், நான்கு பேருக்கு முக்கால் டம்ளர் துவரம்பருப்பு. குக்கரில் நாலு விசில் விட்டு, மத்தால் கடைந்தாயிற்று. புளித்தண்ணீர் ஊற்றப் போகிறீர்கள் அல்லவா, அங்கே நில்லுங்கள். ஒன்றரைக் குழிக்கரண்டி பருப்பை எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து, உப்பும் சீரகமும் நெய்யும் போட்டு மூடிவிடுங்கள். அவருடைய மதியச் சாப்பாடு முடிந்தது. மிச்சத்தில் புளி, பொடி, காய் போட்டு உங்கள் சாம்பாரைக் கொதிக்கவிடுங்கள். கூட ஆன நேரம் ஒரு நிமிடம். கழுவ ஒரே ஒரு கிண்ணம். உருளைக்கிழங்குப் பொரியலா? உப்பும் மஞ்சளும் போட்டு வெந்ததும், மிளகாய்த்தூள் விழுமுன் ஒரு கைப்பிடியை வாணலியின் ஓரத்துக்குத் தள்ளி எடுத்துவிடுங்கள். தேங்காய்ச் சட்னியா? பச்சைமிளகாய் சேர்க்குமுன் தேங்காய், பொட்டுக்கடலை, உப்பை ஒரு சுற்று சுற்றி இரண்டு கரண்டி எடுத்த பிறகு மிளகாயைப் போடுங்கள். பொங்கலா? மிளகை முழுசாகத் தாளித்துப் பாத்திரம் முழுக்கக் கிளறாதீர்கள்; தாளிப்புக் கரண்டியில் தனியாகத் தாளித்து, அவர் பங்கு எடுத்தபின் கொட்டுங்கள்.

தாளிப்புதான் முக்கால்வாசித் தகராறுக்கும் மூலம். கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய்க் கிள்ளல், கறிவேப்பிலை எல்லாம் தட்டோரம் சேர்வதைப் பார்த்தால் நமக்குக் கோபம் வருகிறது. கோபத்தை விட்டுவிட்டு ஒரு வடிகட்டியை எடுத்தால் தீர்ந்தது. எண்ணெயில் எல்லாவற்றையும் பொரியவிட்டு, எண்ணெயை மட்டும் அவர் கிண்ணத்தில் வடித்துவிட்டு, பொரிந்ததை நம் குழம்பில் கொட்டிக்கொள்ளலாம். மணம் இரண்டு பேருக்கும் போய்விடும். கறிவேப்பிலையை நிழலில் காயவைத்துப் பொடித்து வைத்திருந்தால், இலையை ஒதுக்குகிறவர் பொடியை மறுப்பதில்லை.

ஆனால் ஒளித்துப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கேரட்டை மசித்துச் சப்பாத்தி மாவில் பிசைவது, பீட்ரூட்டை தோசை மாவில் கலப்பது எல்லாம் நல்ல பண்டம்தான். சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சாப்பிட்டு முடித்தபின் "இவ்வளவு நேரம் நீ தின்னது சுரைக்காய்டா" என்று கைதட்டிச் சிரிக்கும் மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அவர் சிரித்த அன்றிலிருந்து அந்தப் பையன் அந்த வீட்டில் தோசையைக்கூடப் பிய்த்துப் பார்த்துத்தான் சாப்பிடுவான்.

காரத்துக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் மட்டுமில்லை, இங்கேயே வளர்ந்த பலரும் காரம் தாங்குவதில்லை. மிளகாயின் காரம் விதையில் இருப்பதாக நினைத்து விதையைத் தட்டிப் போடுகிறோம். அது அதிகமாக இருப்பது விதை ஒட்டியிருக்கும் உள் நரம்பில். அதைச் சுரண்டி எடுத்தால் மணம் நின்று காரம் இறங்கும். பச்சைமிளகாயை நறுக்காமல் கீறி முழுசாகப் போட்டால் பரிமாறும்போது எடுத்துவிடலாம். நிறம் வேண்டும், காரம் வேண்டாம் என்றால் பேடகி மிளகாய் அல்லது காஷ்மீரி மிளகாய்த்தூள். தப்பித் தவறிக் காரம் ஏறி, குழந்தை கண்ணில் தண்ணீர் விட்டால், டம்ளர் டம்ளராகத் தண்ணீரை நீட்டாதீர்கள். காரம் தண்ணீரில் கரைவதில்லை. ஒரு வாய் பால், ஒரு கரண்டி தயிர், நெய் விட்ட வெறும் சாதம், இதில் ஏதாவது ஒன்று.

இன்னொரு சங்கதி பலருக்குத் தோன்றுவதே இல்லை. சிலர் அடம்பிடிப்பதாக நாம் நினைப்பது, ஊர் மாறியதால் வரும் தடுமாற்றம். புழுங்கலரிசிச் சோறு தின்று வளர்ந்தவருக்குப் பச்சரிசிச் சாதம் குழைந்த மாதிரித் தெரியும். பச்சரிசிக்காரருக்குப் புழுங்கல் வாடை அடிக்கும். நாகர்கோவில் பெண்ணுக்குத் தேங்காயெண்ணெய் மணம் இல்லாத அவியல் அவியலே இல்லை. சென்னையிலேயே பிறந்த பிள்ளைக்கு அதே எண்ணெய் தலைக்குத் தேய்க்கிற ஞாபகம். கொங்குப் பக்கத்தார் அரிசியும் பருப்புமாக ஒரே சாதமாகச் செய்து நெய் விட்டுச் சாப்பிடுவதையே விருந்தாக நினைப்பார்கள். அவர்களுக்கு நீங்கள் ஆறு வகை வைத்தாலும் மனசு நிறையாது. யாழ்ப்பாணத்துக்காரருக்கு நம் குழம்பு தண்ணியாகத் தெரியும். வறுத்த தூள் போட்டுத் தேங்காய்ப்பால் விட்டுத் திரட்டிய கறி பழகிய நாக்கு அது. எனவே "சாப்பாடு இறங்கலை" என்று ஒருவர் மூன்றாம் நாளும் சொன்னால், காய்களை மாற்றிக்கொண்டே இருக்காமல், அவர் வீட்டு அரிசி என்ன, எண்ணெய் என்ன, குழம்புப் பொடி என்ன என்று கேளுங்கள். இரண்டு கிலோ அரிசி தனியாக வாங்கி, குக்கரின் மேல் தட்டில் அவருக்கென்று ஒரு கிண்ணம் வைத்தால் பாதிப் பிரச்சினை அடங்கிவிடும். வருகிறவர் வீட்டிலிருந்து கால் கிலோ குழம்புப் பொடி கொண்டுவரச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "உங்க பொடி கொண்டா, நானும் ருசி பாக்குறேன்" என்று கேட்டால் அந்த வீட்டு அம்மாவுக்கும் பெருமை.

மேசையில் எப்போதும் நிற்க வேண்டியவை சில உண்டு. மிளகாய் சேர்க்காத பருப்புப் பொடி ஒரு பாட்டில், நெய், தயிர், வாழைப்பழம். ஃபிரிட்ஜில் தோசை மாவு தீரவே கூடாது. டப்பாவில் அப்பளமோ வடகமோ இருக்கட்டும். எந்த வேளை எது பிடிக்காமல் போனாலும் இவை இருக்கும் என்று விருந்தாளிக்குத் தெரிந்தாலே ஒரு தைரியம் வந்துவிடும். தைரியம் வந்தபின் புதுசாக ஒன்றைத் தொட்டுப் பார்க்கவும் கை நீளும். முக்கியமாக, இவை அவருக்கு மட்டுமானவை அல்ல. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் "அவனுக்கு மட்டும் ஏன் தோசை?" என்று கேட்பார்கள், கேட்கவேண்டியதுதான். "உனக்கும் உண்டு, குழம்பு பிடிக்கலைன்னா நீயும் பொடி போட்டுச் சாப்பிடலாம்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் எல்லோரும் பொடி சாதம் தின்பார்கள். பிறகு குழம்பு வாசனை அவர்களைத் தானே திருப்பி இழுத்துவிடும்.

பதினாறு வயதுக்கு மேற்பட்ட விருந்தாளி என்றால் தோசைக் கரண்டியைக் கையில் கொடுத்துவிடலாம். "மாவு இங்கே இருக்கு, கல்லு இங்கே இருக்கு, நீயே ஊத்திக்கோ கண்ணு, எனக்கும் ஒண்ணு ஊத்து" என்றால் கூச்சம் விலகும். ராத்திரி ஆப்பில் பரோட்டா ஆர்டர் செய்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிற நிலைக்கு ஒரு பிள்ளை போவது, அடுப்படிக்குள் வர அதற்கு உரிமை இல்லை என்று தோன்றும்போதுதான்.

இப்போது சாப்பிடும் இடத்துக்கு வருவோம். உபசாரம் நம் ரத்தத்தில் ஊறியது. "இன்னும் ஒரு கரண்டி", "ஒண்ணுமே சாப்பிடலையே", "என் சமையல் பிடிக்கலையா?" என்று கேட்காவிட்டால் மரியாதைக் குறைவோ என்று பயப்படுகிறோம். ஒதுக்கிச் சாப்பிடுகிறவருக்கு இதைவிடத் தண்டனை கிடையாது. கடைசிக் கேள்விக்கு அவரால் என்ன பதில் சொல்ல முடியும், சொல்லுங்கள்? முதல் இரண்டு நாள் அவராகப் போட்டுக்கொள்ளட்டும். தட்டில் என்ன மிச்சம் என்பதைத் தட்டைக் கழுவும்போது பார்த்துக்கொள்ளுங்கள், சாப்பிடும்போது பார்க்காதீர்கள். "இவ கத்தரிக்காய் தொடமாட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அறிமுகம் செய்யவும் வேண்டாம். அப்படி நாலு பேர் முன்னால் சொல்லியாகிவிட்டால், நாளைக்கு அவளுக்கே ஆசை வந்தாலும் தொடமுடியாது. வீட்டில் மாமியார் இருந்தால், "எங்க காலத்துல குடுத்ததைத் தின்னோம்" என்பதை விருந்தாளி வருமுன்னரே அவர் உங்களிடம் சொல்லித் தீர்த்துவிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அது முடிகிற காரியமா என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் லீயான் பிர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த ஆய்வுகள் கைகொடுக்கின்றன. 1980ல் அவர் வெளியிட்ட ஆய்வில், ஒரு காயைப் பிடிக்காத குழந்தையை, அதை விரும்பிச் சாப்பிடும் குழந்தைகளோடு உட்காரவைத்தார்கள். வற்புறுத்தல் எதுவும் இல்லை. சில நாளில் அந்தக் குழந்தையும் அதை எடுக்கத் தொடங்கியது. 1984ல் வந்த இன்னோர் ஆய்வில், புதிய பானம் ஒன்றைக் குடித்தால் பரிசு, பாராட்டு என்று கொடுத்துப் பார்த்தார்கள். அப்படிக் குடித்த குழந்தைகளுக்கு அதன்மேல் இருந்த விருப்பம் குறைந்துதான் போனது. 'கீரையைத் தின்னா ஐஸ்கிரீம்' என்று பேரம் பேசும் அத்தைகள் இதைக் கவனிக்க வேண்டும். பேரம் பேசியதும் கீரை மருந்தாகிவிடுகிறது, ஐஸ்கிரீம் பரிசாகிவிடுகிறது. நாத்தனார் பையனை உங்கள் பிள்ளைகள் நடுவில் உட்காரவையுங்கள். கீரையைக் கிண்ணத்தில் நடுவே வையுங்கள். நீங்கள் வேறு கதை பேசுங்கள். இரண்டிலிருந்து ஆறு வயது வரை புதுப் பண்டத்தைக் கண்டு பயப்படுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. ஒரு பண்டத்தை ஏற்க அந்த வயதில் பத்துப் பதினைந்து முறைகூடப் பார்க்க வேண்டியிருக்கும். விடுமுறை முடிவதற்குள் அவனைத் திருத்திக் காட்டுகிறேன் என்று நீங்கள் கச்சை கட்ட வேண்டியதில்லை. அது அவன் அம்மா அப்பாவின் வேலை. உங்கள் வேலை, அவன் பட்டினி கிடக்காமலும் உங்கள் வீட்டைக் கண்டு பயப்படாமலும் பார்த்துக்கொள்வது.

கறி மீன் சமைக்கிற வீட்டில் தகராறு பெரும்பாலும் எலும்பும் முள்ளும்தான். கோழியை எலும்பில்லாமல் இரண்டு துண்டு தனியாக வறுத்து எடுத்துவிட்டு மற்றதைக் குழம்பில் போடுங்கள். மீனில் வஞ்சிரத் துண்டு வறுவல் பெரும்பாலும் போணியாகும், நெத்திலியை நம்பவேண்டாம். கருவாடு செய்யும் ஆசையிருந்தால் அவர் வெளியே போகும் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள் ஒதுக்குவது வேறு கணக்கு. பெரியப்பா பொரியலைத் தொடாததற்குப் பல்செட் காரணமாக இருக்கலாம். காயைப் பொடியாக நறுக்கிக் குழைய வேகவிட்டுக் கூட்டாக்கிப் பாருங்கள். வயதாக ஆக மோப்பமும் ருசியும் மங்கும். 'உப்பே இல்லை' என்று அவர் சொன்னால் உப்பைக் கூட்டாமல், எலுமிச்சை, சீரகம், பெருங்காயத்தைச் சற்றுக் கூட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவராகத்தான் இருப்பார். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் "பசியில்லை" என்று ஒரு வேளையைத் தள்ளிப்போட்டால் மட்டும் விட்டுவிடக்கூடாது. இரண்டு இட்லியாவது உள்ளே போகவேண்டும். ஆபரேஷனுக்குப் பின் என்ன பத்தியம் என்பதை டாக்டரிடம் கேளுங்கள், எதிர்வீட்டுப் பாட்டியிடம் வேண்டாம்.

எப்போது இது உங்கள் கையை மீறிய விஷயம்? பத்துப் பண்டத்துக்குள் சாப்பாடு சுருங்கிப்போய், அதிலும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வருகிறது. உடம்பு கண்முன் இளைக்கிறது. புதுசு ஒன்றைப் பார்த்தாலே குமட்டல், அழுகை. நாலு பேர் சாப்பிடும் இடத்துக்கே வர மறுப்பு. இவை தென்பட்டால் அது நாக்கின் செல்லம் இல்லை. இப்படி உணவைத் தவிர்ப்பதைத் தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013ல் பட்டியலில் சேர்த்தது. ஒல்லியாக வேண்டும் என்ற ஆசைக்காகப் பட்டினி கிடப்பதிலிருந்து இது வேறுபட்டது. விழுங்கப் பயம், வாயில் படும் விதத்தைப் பொறுக்கமுடியாமை, பசியே எழாமை என்று பல முகங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடமும் உணவின் நிறம், பதம், பிராண்டில் இப்படிப்பட்ட பிடிவாதம் அதிகம் காணப்படும். பிஸ்கட் என்றால் அதே கம்பெனி பிஸ்கட், அதுவும் உடையாததாக இருக்கவேண்டும். விருந்தோம்புகிறவர் வைத்தியம் பார்க்கப்போக வேண்டாம். பிள்ளை காதில் விழாமல் அம்மாவிடம், "நான் கவனிச்சதைச் சொல்றேன் அண்ணி, குறையா எடுத்துக்காதீங்க" என்று தொடங்கி, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அதுவரை, அவன் சாப்பிடுகிற அந்தச் சில பண்டங்களை வீட்டில் தீராமல் வைத்திருங்கள்.

ஊருக்குத் திரும்பும் நாளில் கட்டிக்கொடுப்பதற்கு: புளியோதரை வேண்டாம், வறுத்த கடலையையும் மிளகாயையும் பொறுக்கியே ரயிலில் பாதி வழி போய்விடும். இட்லியை நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு கட்டினால் வேர்த்து நசநசத்துவிடும். ஆறிய இட்லியில் இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த பருப்புப் பொடியைத் தடவி, வாட்டிய வாழையிலையில் சுற்றிக் கட்டுங்கள். தண்ணீர் பாட்டிலோடு இரண்டு வாழைப்பழம். தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து, பால் கூடுதலாக ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்துக் கட்டினால் ராத்திரி வரை புளிக்காது. தாளிக்க வேண்டாம்.